குட்டிச்சாத்தன்: ஏவல் தெய்வம் குழந்தைகளின் தோழனான வரலாறு

0. முன்னுரை

1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று ‘மை டியர் குட்டிச்சாத்தன்’ என்னும் மலையாளத் திரைப்படம் வெளிவந்தது. நவோதயா நிறுவனத்தின் சார்பில் அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கிய இப்படம் இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம் என்பதால் திரைப்பட வரலாற்றில் இடம்பெற்றது. ஆனால் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்க செய்தி அதன் தொழில்நுட்பத்தில் இல்லை, தலைப்பில் இருக்கிறது. மந்திரவாதியின் ஏவலுக்குக் கட்டுண்டது என்று அஞ்சப்பட்ட ஒரு சிறுதெய்வத்தின் பெயருக்கு முன்னால், மடல் எழுதுவோர் நண்பரை விளிக்கும் ஆங்கிலத் தொடர் இணைக்கப்பட்டுள்ளது. அச்சத்துக்குரிய பெயர் அன்புக்குரிய விளியாக மாறியிருக்கிறது.

இம்மாற்றம் திரைக்கதையாசிரியரின் கற்பனையால் மட்டும் நேர்ந்ததா, அன்றி அச்சொல்லின் வரலாற்றிலேயே அதற்கு இடம் இருந்ததா என்பது இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது. அத்துடன், மலையாளத்தில் தோழனாக ஏற்கப்பட்ட இவ்வுருவம் தமிழில் ஏன் எளிதில் ‘சாத்தான்’ ஆகிவிடுகிறது என்பதும் விளக்கப்படுகிறது. கட்டுரை முழுவதிலும் குறிலுடைய ‘சாத்தன்’ என்னும் வடிவம் பழந்தமிழ்ச் சொல்லையும் மலையாளத் தெய்வத்தையும், நெடிலுடைய ‘சாத்தான்’ என்னும் வடிவம் விவிலியச் சொல்லையும் குறிக்கும். இரண்டும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் அடிப்படை.

1. இயற்பெயராகச் சாத்தன்

தமிழ் இலக்கண உரைகளைப் பயின்றோர்க்குச் சாத்தன் அயலானவன் அல்லன். எழுவாய்க்கு எடுத்துக்காட்டுத் தேவைப்படும் இடங்களில் எல்லாம் உரையாசிரியர்கள் சாத்தனையும் கொற்றனையுமே அழைக்கின்றனர். ‘சாத்தன் வந்தான்’ என்பது நூற்றாண்டுகளாகத் தமிழ் மாணவர் கேட்டுவரும் தொடர். ஓர் எளிய ஆண்மகனுக்குரிய பொதுப்பெயராக அது கொள்ளப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சங்க காலத்தில் இப்பெயர் பெருவழக்காக இருந்தது. பெருந்தலைச் சாத்தனார், மணிமேகலை ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார் ஆகிய புலவர் பெயர்களும், புறநானூறு பாடும் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் என்னும் தலைவன் பெயரும் அறியப்பட்டவை. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல் காதிம் என்னும் பழைய துறைமுகத்தில் கிடைத்த பானையோடுகளில் இரண்டு தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆள்பெயர்களைத் தாங்கியுள்ளன. ஒன்று கணன், மற்றொன்று சாதன். கி.பி. முதலாம் நூற்றாண்டளவில் கடல் கடந்து சென்ற தமிழ் வணிகர் ஒருவரின் பெயராக இதனைக் கொள்ளலாம்.

சொற்பிறப்புப் பற்றி இரு கருத்துகள் உள்ளன. வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் ‘சார்த்த’ என்னும் வடசொல் ‘சாத்து’ எனத் தமிழில் வழங்கியது. அதனடியாகச் சாத்துவன், மாசாத்துவான் முதலிய பெயர்கள் தோன்றின. கோவலனின் தந்தை பெயரை இங்கு நினைவுகூரலாம். ஆசிரியன், நெறிப்படுத்துவோன் என்னும் பொருளுடைய ‘சாஸ்தா’ என்னும் சொல்லின் திரிபே சாத்தன் என்பது மற்றொரு கருத்து. ஐயனாருக்குச் சாத்தன் என்னும் பெயர் வழங்குவதும், கேரளத்தில் ஐயப்பன் சாஸ்தா எனப்படுவதும் இதற்கு அரணாகின்றன. சாஸ்தா என்பது புத்தருக்குரிய பெயர் என்றும், அதனடியாகவே சாத்தன் என்னும் பெயர் பரவியது என்றும் மயிலை சீனி. வேங்கடசாமி ‘பௌத்தமும் தமிழும்’ (1940) என்னும் நூலில் எழுதினார். வணிகர் பெயர்களுக்கு முதற்கருத்தும் தெய்வப் பெயருக்கு இரண்டாவது கருத்தும் பொருந்துவதால், வேறுவேறு மூலமுடைய இரு சொற்கள் ஒலியால் ஒன்றிணைந்தன எனக் கொள்வது தகும்.

எவ்வாறாயினும், தொடக்கத்தில் இச்சொல்லில் இழிபொருள் சிறிதும் இல்லை. பிற்காலக் கேரளத்தில் நிலைமை மாறியது. ஒடுக்கப்பட்ட மக்களிடையே வழங்கிய ஆள்பெயர்களில் ஒன்றாகச் சாத்தன் நின்றது. மேற்குடியினர் அப்பெயரைக் கைவிட்டனர். பெயரைத் தாங்கிய மக்கள் தாழ்த்தப்பட்டபோது பெயரும் தாழ்ந்தது. பொருள் இழிபு என்று மொழியியலார் கூறும் மாற்றம் சமூக வரலாற்றோடு பிணைந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

2. குழந்தை வடிவம்: சிலப்பதிகாரச் சான்று

சாத்தனும் குழந்தையும் இணையும் பழஞ்சான்று சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் கிடைக்கிறது. மாலதி என்னும் பார்ப்பனப் பெண் மாற்றாளின் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறக்கிறது. பழிக்கு அஞ்சிய அவள் குழந்தையின் உடலை ஏந்திக்கொண்டு கோயில் கோயிலாகச் செல்கிறாள். பாசண்டச் சாத்தன் கோயிலில் அவள் கிடக்கையில் இடாகினிப்பேய் அவ்வுடலைப் பறித்து விழுங்கிவிடுகிறது. அவளது அழுகைக்கு இரங்கிய சாத்தன் தானே அக்குழந்தையாக மாறி வழியிற் கிடக்கிறான். மாலதி மகிழ்ந்து எடுத்துச் சென்று தாயிடம் சேர்க்கிறாள். சாத்தன் அவ்வீட்டு மகனாகவே வளர்ந்து, கல்வி கற்று, பெற்றோர்க்குரிய கடன்களைச் செய்து, தேவந்தியை மணக்கிறான். பின்னர் மூப்பற்ற தன் இளமை வடிவைக் காட்டிவிட்டு, தன் கோயிலுக்கு வருமாறு கூறி நீங்குகிறான்.

இக்கதையில் மூன்று கூறுகள் கவனத்துக்குரியவை. துயருற்ற ஒரு வீட்டில் தெய்வம் குழந்தையாக நுழைகிறது. மனிதரோடு மனிதராக வாழ்கிறது. உண்மை வடிவம் வெளிப்பட்டதும் பிரிந்து செல்கிறது. பிணந்தின்னும் பேயும் இரக்கமுள்ள சாத்தனும் ஒரே கதையில் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றனர். எனவே, இளங்கோவடிகளின் சாத்தன் பேய் அல்லன். பேய் செய்த கொடுமையை ஈடுசெய்தவன்.

3. ‘குட்டி’ என்னும் அடை

தமிழிலும் மலையாளத்திலும் ‘குட்டி’ ஒரே சொல், பொருட்பரப்பு ஒன்றன்று. தமிழில் விலங்கின் இளமையைக் குறிப்பதும், குட்டிக்கதை, குட்டித்தீவு என்றாற்போலச் சிறுமையைக் குறிப்பதும் அதன் முதன்மைப் பயன்பாடுகள். மனிதக் குழந்தையைக் குட்டி எனல் செல்லமாகவோ இழிவாகவோ அமையும். மலையாளத்திலோ மனிதக் குழந்தைக்குரிய இயல்பான பொதுச்சொல் அதுவே. பள்ளிக்குச் செல்லும் மாணவரும் அங்குக் குட்டிகளே.

ஆகவே மலையாளியின் காதில் குட்டிச்சாத்தன் என்பது ‘குழந்தையாகிய சாத்தன்’. தமிழனின் காதில் ‘சிறிய சாத்தன்’. முன்னதில் வயது சுட்டப்படுகிறது. பின்னதில் அளவு சுட்டப்படுகிறது. சொல் மாறாமலே பொருள் மாறும் இவ்விடம் மொழிபெயர்ப்பாளர் கண்ணில் எளிதில் படுவதில்லை. இனமொழிகளுக்கிடையே மொழிபெயர்ப்போர் இத்தகைய இடங்களில்தான் மிகுதியும் வழுக்குகின்றனர்.

வட மலபாரில் ஆடப்படும் குட்டிச்சாத்தன் தெய்யத்தின் தோற்றக்கதை குழந்தை என்னும் பொருளை உறுதிப்படுத்துகிறது. மலையர் சமூகத்தினர் கட்டியாடும் இத்தெய்யத்தின் கதை காளகாட்டு இல்லத்தைச் சேர்ந்தது. சிவனருளால் அவ்வில்லத்து நம்பூதிரிக்குக் கிடைத்த சிறுவன் எவருக்கும் அடங்காதவன். கற்பிக்க வந்த ஆசானை எதிர்க்கிறான். இல்லத்து ஒழுக்கங்களை மீறுகிறான். சினந்த தந்தை அவனைத் துண்டு துண்டாக வெட்டுவித்து வேள்வித் தீயில் இடுகிறார். அத்தீயிலிருந்து ஒருவனுக்குப் பதிலாகப் பல சாத்தன்மார் எழுந்து இல்லங்களைச் சுடுகின்றனர். பின்னரே அவனுக்கு இடமும் வழிபாடும் அளிக்கப்படுகின்றன. தண்டிக்கப்பட்ட ஒரு குழந்தையின் சினமே இக்கதையின் கரு. அக்குழந்தைக்கு அன்பு காட்டியவர் எவரும் கதையில் இல்லை.

4. ஏவலும் சேவையும்

திருச்சூர் மாவட்டத்துப் பெரிங்ஙோட்டுக்கரை குட்டிச்சாத்தன் வழிபாட்டுக்குப் பெயர்பெற்றது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதிஹ்யமாலை’யில் அவணங்ஙாட்டுப் பணிக்கரையும் சாத்தன்மாரையும் பற்றிய ஒரு பகுதி தனியே உள்ளது. சாத்தன்மாரின் எண்ணிக்கை 390 எனக் கூறும் வழக்கும் உண்டு.

இவ்வழிபாட்டைக் குறிக்கும் ‘சாத்தன்சேவை’ என்னும் தொடர் இருபொருள்பட நிற்கிறது. வழிபடுவோன் சாத்தனுக்குச் செய்யும் சேவை என்பது ஒன்று. அதற்கு ஈடாகச் சாத்தன் அவனுக்குச் செய்யும் சேவை என்பது மற்றொன்று. யார் யாருக்கு ஆள் என்னும் வினாவுக்கு இத்தொடர் விடை தருவதில்லை. மக்கள் கற்பனையில் இரண்டாம் பொருளே மேலோங்கியது. மந்திரவாதி ஏவுகிறான், சாத்தன் சென்று முடிக்கிறான். தமிழில் ஏவற்பேய் என்றும், வெறுமனே ‘ஏவல்’ என்றும் வழங்கும் கருத்து இதனோடு ஒத்தது. தொடரியல் நோக்கில், ‘மந்திரவாதி சாத்தனை ஏவினான்’ என்னும் வாக்கியத்தில் சாத்தன் செயப்படுபொருள். செய்பவன் அவனே ஆயினும் செயலின் விருப்பம் அவனுடையதன்று.

காரணம் தெரியாமல் வீட்டின்மேல் கல் விழுந்தால் மலையாளத்தில் அது ‘சாத்தனேறு’ எனப்பட்டது. இங்கு ‘ஏறு’ என்பது எறிதல். கல்லேறு, கண்ணேறு என்னும் தமிழ்ச் சொற்களில் எஞ்சியிருப்பதும் இதுவே. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறுவன் கல்லெறிகிறான் என்னும் எண்ணம் இச்சொல்லில் பதிந்துள்ளது. அச்சத்தைத் தந்த நிகழ்ச்சிக்குச் சிறுவர் குறும்பின் வடிவம் கொடுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

5. சாத்தனும் சாத்தானும்

தமிழில் இச்சொல்லுக்கு நேர்ந்தது வேறு. எபிரேய மொழியில் ‘எதிர்ப்பவன்’ எனப் பொருள்படும் ஒரு சொல் விவிலியத்தில் தீய ஆவியின் தலைவனுக்குப் பெயராயிற்று. அச்சொல்லின் இரு உயிர்களும் நெடில். இடையிலுள்ள வல்லொலி குரலற்றது. தமிழில் உயிரிடைத் தனித் தகரம் மெலிந்தே ஒலிக்கும். எனவே குரலற்ற ஒலியைக் காட்டத் தகரத்தை இரட்டித்தல் வேண்டியதாயிற்று. நாத்தான், யோனத்தான் என்னும் விவிலியப் பெயர்களிலும் இதே முறை காணப்படுகிறது. பேதுரு என்றாற்போல இரட்டிக்காத வடிவங்களும் உண்டெனினும், சாத்தான் என்னும் எழுத்துப்பெயர்ப்பு தமிழ் ஒலியமைப்புக்கு இணங்கச் செம்மையாகச் செய்யப்பட்டதே. அதன் விளைவு மட்டும் எதிர்பாராதது. ஒரு குறில் நெடில் வேறுபாடு தவிர, அது பழந்தமிழ்த் தெய்வப் பெயரோடு முற்றும் ஒத்தது.

மலையாளத்தில் இம்மயக்கம் எழவில்லை. அம்மொழி எழுத்தில் சகரத்தின் இரு ஒலிகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. தெய்வத்தின் பெயர் அடைப்புரசொலியாகிய சகரத்தில் தொடங்குகிறது. விவிலியப் பெயர் உரசொலியாகிய ஸகரத்தில் தொடங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. மொழிமுதற் சகரம் இன்றைய தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் உரசொலியாகவே ஒலிப்பதால், எழுத்தில் மட்டுமன்றிச் செவியிலும் வேறுபாடு மறைந்தது.

உயிரளவு வேறுபாடும் காவலாக நிற்கவில்லை. அன், ஆன் இரண்டும் ஆண்பால் விகுதிகள். ஊரன், ஊரான் என மாறி வருபவை. சாத்தன் என்பதற்கும் சாத்தான் என ஒரு மாற்றுவடிவம் தமிழில் இயல்பாக அமையக்கூடியது. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தின் பெயரில் இந்நெடிலைக் காணலாம். அவ்வூர்ப் பெயரை விவிலியச் சொல்லோடு இணைத்துப் பேசும் இன்றைய வழக்கு பின்னோக்கிப் பொருள் ஏற்றுவதேயாகும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. கத்தோலிக்கத் தமிழில் பசாசு என்னும் சொல் நெடுங்காலம் வழங்கியது. 1995இல் வெளிவந்த விவிலியப் பொதுமொழிபெயர்ப்பு அலகை என்னும் பழஞ்சொல்லை மீட்டது. ஆனால் இவை பொதுப்பெயரின் மொழிபெயர்ப்புகள். சாத்தான் என்னும் சிறப்புப்பெயர் அப்படியே நின்றது. தமிழ் முஸ்லிம்கள் அரபி வழியாகப் பெற்ற ஷைத்தான், சைத்தான் என்னும் வடிவம் அதே செமித்தியச் சொல்லின் கிளையாயினும், ஈருயிர் காரணமாகத் தெய்வப் பெயரோடு மயங்கவில்லை.

தமிழரின் பேச்சில் பெருகிய வடிவம் ‘குட்டிச்சாத்தான்’ என்பது. இத்தொகையில் ஒற்று மிகுவதால் சகரம் அடைப்புரசொலியாகவே ஒலிக்கிறது. பழைய மெய்யொலியைப் புணர்ச்சி காத்துக்கொள்ள, உயிரும் பொருளும் விவிலியச் சொல்லின் பக்கம் சாய்ந்துள்ளன. குறும்பு செய்யும் பிள்ளையைக் ‘குட்டிச்சாத்தான்’ என வைவோர், தம்மையறியாமல் இரு சொல்வரலாறுகளை ஒருங்கே பயன்படுத்துகின்றனர்.

6. 1984: ஏவலிலிருந்து நட்புக்கு

ரகுநாத் பலேரி எழுதிய திரைக்கதையில் சாத்தன் சிறுவனாகவே தோன்றுகிறான். கரிம்பூதம் என்னும் மந்திரவாதியின் கட்டில் அவன் இருக்கிறான். இலட்சுமி என்னும் சிறுமியும் இரு சிறுவர்களும் அவனுக்குத் தோழராகின்றனர். சிறுமியின் தந்தை குடிப்பழக்கத்தில் மூழ்கியவர். இளையராஜாவின் இசையில் அமைந்த பாடலொன்றில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து செல்லும் காட்சி பலராலும் நினைவில் வைக்கப்பட்டது. மந்திரவாதி அழிந்த பின்னர்ச் சாத்தன் தோழர்களைப் பிரிந்து செல்கிறான்.

மரபுக் கூறுகளில் பெரும்பாலானவை படத்தில் உள்ளன. மந்திரவாதி உண்டு, கட்டு உண்டு, புதையல் ஆசை உண்டு. சாத்தனுக்கு மதுப் படைக்கும் வழக்கம், படத்தில் அவன் மது அருந்தும் நகைச்சுவையாகிறது. குடியால் சிதைந்த ஒரு வீட்டுச் சிறுமியின் கதையில் அது இடம்பெறுவதால் அந்நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு துயரமும் நிற்கிறது. மாறியது ஒன்றே: உறவு. குழந்தைகள் சாத்தனை ஏவுவதில்லை, அவனோடு விளையாடுகின்றனர். செயப்படுபொருளாக இருந்தவன் உடனிகழ்ச்சி வேற்றுமைக்கு மாறுகிறான். ‘சாத்தனை’ என்பது ‘சாத்தனோடு’ ஆகிறது.

தெய்யக்கதையின் சிறுவனுக்குக் கிடைக்காத தோழமை இங்குக் கிடைக்கிறது. துயருள்ள வீட்டுக்குக் குழந்தை வடிவில் வந்து, உரிய காலத்தில் நீங்கும் சிலப்பதிகாரச் சாத்தனும் நினைவுக்கு வருகிறான். படம் அக்காப்பியத்தைப் பின்பற்றியது என்று கூறுவதற்கில்லை. ஆனால் சொல்லில் உறைந்திருந்த குழந்தை மீண்டும் வெளிப்பட்டான் எனலாம்.

7. பெயர் கடந்த மொழிகள்

இப்படம் இந்தியில் 1998இல் ‘சோட்டா சேதன்’ என்னும் பெயரில் வெளிவந்தது. ‘சோட்டா’ என்பது சிறிய எனப் பொருள்படும்; எனவே ‘குட்டி’யின் குழந்தைப் பொருள் குறைந்தது. ‘சேதன்’ என்பது உணர்வுடைய பொருளைக் குறிக்கும் வடசொல். சைவ நூல்களில் சேதனம், அசேதனம் எனப் பயின்றோர்க்கு இது தெரிந்ததே. இன்று அது ஆண்மகனுக்குரிய பெயராகவும் வழங்குகிறது. பொருளால் இரண்டுக்கும் தொடர்பில்லை. மெய்யொலிகளின் வரிசை மட்டும் ஒத்துள்ளது. தெய்வம் மறைந்தது, ஆயினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாத்தன் என்பது எளிய ஆள்பெயராக இருந்த நிலை, இந்தியில் தற்செயலாகத் திரும்பியது.

2010இல் தமிழில் வந்த வடிவம் ‘சுட்டி’ என்னும் அடையைக் கொண்டது. குட்டி, சுட்டி என்னும் ஓசையியைபு தவிர, துடுக்கும் அறிவும் உள்ள குழந்தையைக் குறிப்பது ‘சுட்டி’. எனவே ‘குட்டி’ தமிழில் இழந்த வயதுப்பொருளை இவ்வடை ஈடுசெய்தது. ஆனால் பெயரின் இரண்டாம் பகுதியில் நெடில் நின்றது. ஒற்று மிகுத்துச் ‘சுட்டிச்சாத்தான்’ எனப் படிப்பதும், மிகுக்காமல் பிரித்துப் படிப்பதும் இங்குச் சந்தி இலக்கணச் சிக்கல் மட்டுமன்று. முன்னதில் மலையாள ஒலி காக்கப்படும். பின்னதில் விவிலியச் சொல்லே செவியில் விழும்.

இத்தகைய சிற்றுருவங்களை மொழிபெயர்ப்பதில் வேறு முறைகளும் உண்டு. சுவீடன் நாட்டு எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் 1906–1907இல் வெளியிட்ட நீல்ஸ் ஹோல்கெர்சன் கதையில், சிறுவனைக் கட்டைவிரல் அளவினன் ஆக்குவது வீட்டுச் சிறுதெய்வமாகிய ‘தொம்தே’. அபனீந்திரநாத் தாகூர் அக்கதையை ‘புடோ ஆங்லா’ என வங்காளியில் தழுவியபோது அவ்விடத்தில் பிள்ளையாரை வைத்தார். பெயரை ஒலியால் கடத்துவது ஒரு முறை. அப்பெயர் வகிக்கும் இடத்தைக் கடத்துவது மற்றொரு முறை. வங்காளிக் குழந்தைக்குத் தொம்தேயின் ஒலி பயன்படாது. வீட்டில் உறையும் தெய்வம் என்னும் உறவே பயன்படும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படும்.

அ) சாத்தன் என்னும் பெயர் தொடக்கத்தில் இழிபொருள் அற்றது. குழந்தை வடிவோடு அதற்குள்ள தொடர்பு சிலப்பதிகார காலம் முதல் சான்றுடையது.

ஆ) மலையாளத்தில் ஏவற்பேயாகத் தாழ்ந்த நிலையிலும் ‘குட்டி’ என்னும் அடை குழந்தைப் பொருளைக் காத்தது. 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் நட்பு அப்பொருளிலிருந்தே கிளைத்தது.

இ) தமிழில் சாத்தனும் சாத்தானும் மயங்கியமைக்குச் சமயப் பகைமையைக் காரணமாகக் கூற வேண்டியதில்லை. எழுத்துமுறை, தகர இரட்டிப்பு, விகுதி மாற்றம் என்னும் மூன்று மொழிக்கூறுகள் போதிய விளக்கம் தருகின்றன.

காரணம் மொழிசார்ந்ததாயினும் விளைவு மக்கள்சார்ந்தது. ஒரு சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தம் உடலில் ஏற்றி ஆடும் தெய்வம், தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு நெடிலால் மற்றொரு சமயத்தின் தீமைத் தலைவன் ஆகிவிடுகிறது. பெரிங்ஙோட்டுக்கரைக் கோயில்களில் ‘விஷ்ணுமாயை’ என்னும் பெயர் முன்னிறுத்தப்படுவதை நோக்கினால், மலையாளத்திலும் பழைய பெயரின் சுமை உணரப்படுகிறது எனலாம்.

எனவே தெய்யப் பாட்டுகளையும் கேரள நாட்டார் கதைகளையும் தமிழில் பெயர்ப்போர் குறிலுடைய சாத்தன் என்னும் வடிவையே ஆளுதல் நன்று. தொகையில் ஒற்றை விடாது எழுதுதலும் வேண்டும். அகராதி தொகுப்போர் சாத்தன், சாத்தான் என்பவற்றை இருவேறு தலைச்சொற்களாக, தத்தம் மூலத்தோடு காட்டுதல் வேண்டும். இலக்கண உரைகளில் இன்றும் வந்துகொண்டிருக்கும் சாத்தனைப் படிக்கும் மாணவன், அவன் யார் என்று கேட்டால் அகராதி சரியான விடை தரவேண்டும்.